முக்கியமானவர்களுக்கு மட்டும் மணி

எங்கள் பொது வீட்டு உடன்படிக்கையின் ஏழாவது விதி இது: "பங்காளிகளில் எவரேனும் தம் குடும்பத்து நல்லது கெட்டதுகளுக்காக வளவைக் கோரி எழுத்து மூலம் விண்ணப்பித்தால், அக்கோரிக்கை வேறெந்தப் பயன்பாட்டுக்கும் முந்தியதாகக் கொள்ளப்படும். விண்ணப்பம் கிடைத்ததும் நிர்வாகி எழுத்து மூலம் பதில் அளிக்க வேண்டும்."

இந்த விதியை எழுதியவன் நான்தான். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் குடும்பத்தில் இருந்தால் இந்த மாதிரி வேலையெல்லாம் அவன் தலையில்தான் வந்து விழும். பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். படித்துப் பார்த்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியாது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். வளவு என்பது காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பைத் தாண்டியதும் வருகிற திறந்த முற்றமும் அதைச் சுற்றியுள்ள தாழ்வாரமும். கல்யாணமும் அங்கேதான், கருமாதியும் அங்கேதான். எங்கள் வீட்டில் இப்போது யாரும் குடியில்லை. எல்லோருக்கும் பங்கு இருக்கிறது, ஒருவருக்கும் படுக்கை இல்லை. நான் இதே ஊரில் வேறு தெருவில் சின்ன வீடு ஒன்றில் இருக்கிறேன். பொது வீட்டை நிர்வகிப்பவன் என் பெரிய அண்ணன் மகன். அவன் இருப்பது சென்னையில். சினிமாக்காரர்களுக்கும், கல்யாணத்துக்கு முந்தியே ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கும் வீட்டை அவ்வப்போது விடுவான். ஓடு மாற்றுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் அதில்தான் நடக்கிறது என்பதால் நான் அதை எதிர்த்ததில்லை. சாவி காவல்காரரிடம் இருக்கும். நிர்வாகி சொல்லாமல் அவர் கதவைத் திறக்க மாட்டார்.

போன வருடப் புரட்டாசியில் என் மனைவி இறந்துபோனாள். கருமாதி அந்த வளவில் நடந்தது. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகனின் கைபேசி கிணுங்கிக்கொண்டே இருந்தது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, வங்கியின் பிறந்தநாள் வாழ்த்து, எப்போதோ ஓர் இரவு தங்கிய விடுதியின் கருத்துக் கேட்பு, எல்லாம் மின்னஞ்சலாக வந்தன. ஒவ்வொன்றையும் அவன் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். பிண்டம் பிடிக்கும்போதும் ஒன்று வந்தது. சடங்கு முடிந்து இலை போடும்போது அவனிடம் சொன்னேன்.

"ஏந்தம்பி, இத்தனைக்கும் மணி அடிச்சா மனுசன் எப்புடிப் பொழைக்கிறது? முக்கியமானவுகளுக்கு மட்டும் அடிக்கிற மாதிரி வச்சுக்கிற வேண்டியதுதான?"

"அப்புடி வைக்க முடியுமா சித்தப்பா?"

"முடியும். எனக்கு அப்புடித்தான் வச்சிருக்கேன்."

"நீக இதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீக, பாருங்க" என்று அதிசயப்பட்டான். வைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். சொன்னபடி செய்யவும் செய்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு யோசனை உடனடியாக நடைமுறைக்கு வந்தது எனக்குத் தெரிந்து அதுதான்.

அதன் பிறகு அவனுக்கு எழுத எனக்கு அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. மாசியில் ஒருமுறை, மேற்குத் தாழ்வாரத்தில் ஓடு சரிந்திருக்கிறது என்று எழுதினேன். பதில் வரவில்லை. முன்பெல்லாம் நான் எழுதினால் அன்றைக்கே, "பார்த்துவிட்டேன் சித்தப்பா" என்றாவது ஒரு வரி வரும். துக்கத்தில் இருக்கிறவரை வீட்டு விவகாரத்தில் இழுக்க வேண்டாம் என்று பேசாமல் இருக்கிறான் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அவனைப் பற்றி அவ்வளவு உயர்வாக நான் நினைத்தது அந்த ஒருமுறைதான்.

ஆடியில் பஞ்சாங்கம் பார்த்துத் தலைத்திவசத்துக்கான நாளைக் குறித்தேன். எங்கள் வீட்டு வழக்கப்படி மருமகளாக வந்தவளுக்கு முதல் திவசம் அவள் வலது காலை எடுத்து வைத்த வீட்டு வளவில்தான் நடக்க வேண்டும். அடுத்தடுத்த வருடங்களில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முதல் வருடத்துக்கு மட்டும் விலக்குக் கிடையாது. என் தாயாருக்கும் அங்கேதான் செய்தோம். என் மனைவி தன் மாமியாரின் திவசத்துக்கு அந்த வளவைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு, "நாளைக்கு எனக்கும் இங்கினக்குள்ளதான் செய்வீக" என்று சாதாரணமாகச் சொன்னாள். அடுப்படியில் உளுந்து ஊறப் போட்டிருப்பதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்கு அது வாக்குமூலம் மாதிரி.

ஏழாவது விதியைக் குறிப்பிட்டு, திதியையும் அதற்குரிய ஆங்கிலத் தேதியையும் எழுதி, நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். அதற்கும் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன் கூப்பிட்டான்.

"அப்பச்சி, லீவு எழுதிக் குடுக்கணும். வளவு உறுதியாயிருச்சா?"

"கடிதம் போயிருக்கு."

"கடிதம் போனது சரி. அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"போன் பண்ண வேண்டியதுதான அப்பச்சி? நீக ஏன் இன்னும் தபால் ஆபீசுலயே இருக்கீக?"

நான் தபால் அலுவலகத்தில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் அன்று மாலையே சென்னைக்குத் தொலைபேசினேன்.

"மெயில் போட்டீகளா சித்தப்பா? போட்டிருந்தா வந்திருக்குமே."

"போட்டேன். நினைவூட்டும் போட்டேன்."

"வந்தா மணி அடிக்கும். அடிக்கலையே."

"அடிக்கலைன்னா உள்ள போயிப் பாரு, தம்பி."

"உள்ள கடல் மாதிரிக் கிடக்கு. நீக சொன்னதுக்கப்பறம் நான் உள்ள போறதே இல்ல. மணி அடிச்சா மட்டும்தான் பாக்குறது. நிம்மதியா இருக்கேன், உங்க புண்ணியத்துல. இன்னொரு தடவை போட்டு விடுங்களேன்."

"தேதியை இப்பச் சொல்றேன், குறிச்சுக்க."

"வாய்வார்த்தை ஆகாதுன்னு விதியில எழுதுனது யாரு? நீகதான! நான் வாயால கேட்டுக் குறிச்சேன்னா நாளைக்கு நீகளே என்னையக் கேள்வி கேப்பீக."

சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். வைத்ததும் மறுபடி அனுப்பினேன். மூன்றாம் மடலுக்கும் பதில் இல்லை. எனக்கு இதில் ஒரு முறைமை தெரிந்தது. மணி அடிக்காததால் மடல் வரவில்லை. வராத மடலுக்குப் பதில் தேவையில்லை. இத்தனை வருட உத்தியோகத்தில், கோப்பு காணாமல் போனதற்கு இவ்வளவு சுத்தமான விளக்கம் எந்த எழுத்தரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

புரட்டாசி பிறந்தது. திதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காவல்காரரிடம் சொல்லியாவது வளவைக் கழுவி வைப்போம் என்று போனேன். தெருமுனையிலேயே வேன்கள் நின்றன. காவல்காரர் வாசலில் புதுத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன இது?"

"படம் எடுக்குறாக அய்யா. பத்து நாளைக்கு. கல்யாணக் காட்சியாம். உங்க அண்ணன் மகனும் மெட்ராசுலேருந்து வந்திருக்காக, உள்ளதான் இருக்காக. தொப்பி படக்காரவுக குடுத்தது."

உள்ளே போனேன். வளவு என்று அதைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது. இருக்கிற தூண்களுக்கு இருபுறமும் தெர்மாகோலில் புதுத் தூண்கள் நட்டிருந்தார்கள். பர்மாத் தேக்குத் தூண் கேமராவில் தூண் மாதிரித் தெரியவில்லையாம். தரையில் பிரியாணிப் பொட்டலங்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. முற்றத்து மழைநீர் போகிற கல் வாய்க்காலில் எவனோ பான்பராக்கைத் துப்பியிருந்தான். பார்த்ததும் திரும்பிக்கொண்டேன். என் தாயாருக்குப் பிண்டம் வைத்த இடத்தில் ஒரு மின்கம்பிச் சுருளும் அதன்மேல் ஒருவனுடைய செருப்புக் காலும் இருந்தன.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க. ஃப்ரேம்ல வர்றீங்க" என்றார் தயாரிப்பு நிர்வாகி என்று சொல்லப்பட்டவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு இவரு?" என்று முகப்புப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நம்ம சித்தப்பாதான். வீட்டுக்காரவுக" என்றபடி அண்ணன் மகன் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தான். "வாங்க சித்தப்பா. இங்குட்டு வாங்க, இங்குட்டு வாங்க. சாப்புட்டீகளா?"

நான் தேதியைச் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது.

"அன்னைக்கா? ஐயய்யோ. மெயில் போட்டிருக்கலாமே."

"போட்டேன். மூணு தடவை."

"வரலையே சித்தப்பா. சத்தியமா வரலை."

அலுவலகத்தில் இயந்திரம் ஒன்று வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால், புகார் கொடுத்தவரை எதிரில் வைத்துக்கொண்டே அதைச் சோதிக்க வேண்டும் என்பது நடைமுறை. நான் கைபேசியை எடுத்து, "சோதனை" என்று ஒரே சொல்லை எழுதி அவன் முகவரிக்கு அனுப்பினேன். அவனுடைய கைபேசி நாற்காலிக் கையில் கிடந்தது. இருவரும் அதையே பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தோம். கிணுங்கியது.

"வந்துருச்சு, பாத்தீகளா!" என்று பாய்ந்து எடுத்தான்.

"என்ன வந்திருக்கு?"

நானே எட்டிப் பார்த்தேன். படப்பிடிப்புக்கு வாடகை நாற்காலி அனுப்புகிறவர், வேன் கிளம்பிவிட்டது என்று எழுதியிருந்தார். "உள்ள போயிப் பாரு" என்றேன். போனான். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே இறங்கினான். என்னுடைய மடல்கள் அங்கேதான் இருந்தன. படிக்கப்படாதவற்றுக்கு உரிய தடித்த எழுத்தில், ஜவுளிக்கடைக்கும் விடுதிக்கும் நடுவில், எல்லாம் பத்திரமாக இருந்தன. மாசியில் ஓடு சரிந்ததும் இருந்தது. "சோதனை"யும் வந்திருந்தது.

"எனக்கு ஏன் அடிக்கலை?"

"அது வந்து சித்தப்பா... முக்கியமானவுகளை நான் ஒவ்வொண்ணா ஏத்தலை. அதுக்கெல்லாம் எங்க நேரம் இருக்கு? கோயில்லேருந்து புள்ளி வரிசை அனுப்புவாகல்ல, அதைத் தூக்கி ஆபீசுப் பையன்கிட்ட குடுத்து, இதுல இருக்கிறவுகளை ஏத்துரான்னு சொல்லிட்டேன். பங்காளிக எல்லாரும் ஒரே வீச்சுல வந்துருவாகன்னு."

"அதுல நான் இல்லையா?"

"இருந்தீக." அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முழுப் புள்ளியெல்லாம் முன்னாடி இருக்கும். அரைப் புள்ளி கடைசிப் பக்கத்துல தனியா இருக்கும்ல. அந்தப் பக்கத்தை அவன் ஏத்தலை போலருக்கு."

இதையும் விளக்க வேண்டும். எங்கள் சமூகத்தில் கோயில் கணக்குக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கல்யாணம் ஆனதும் புள்ளி சேரும், அதன்படி வரி. இருவரில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப் புள்ளி. அவருக்கு வரியும் பாதிதான். துணையை இழந்தவருக்குச் சுமை குறையட்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ இரக்கத்தோடு போட்ட கணக்கு அது. அதைக் கொண்டுபோய்க் கைபேசி மணிக்கு அளவுகோலாக வைக்க எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும்.

"அப்ப நாக்காலிக்காரரு எந்தக் கோயில்ல புள்ளி?" என்று கேட்டேன்.

தயாரிப்பு நிர்வாகி சிரித்துவிட்டார். அவருக்குப் புரிந்திருக்க வாய்ப்பில்லை. என் குரலுக்குச் சிரித்திருப்பார்.

"அது தொழில் சித்தப்பா. அவுகளைத் தனியா ஏத்துனது."

"அதுக்கு நேரம் இருந்திச்சு."

"கோவிச்சுக்காதீக. இந்தா, இப்பவே போட்டுர்றேன்." என் பெயருக்கு எதிரே இருந்த நட்சத்திரத்தை அழுத்தினான். அது மஞ்சளானது. "முடிஞ்சுது. இனி நீக தும்முனாலும் மணி அடிக்கும்."

"நான் தும்மலை தம்பி. நாள் கேட்டிருக்கேன். ஏழாவது விதிப்படி எனக்குத்தான் முதல்ல."

"விண்ணப்பம் கிடைச்சதும்-னுதான போட்டிருக்கீக? எனக்கு இன்னைக்குத்தான கிடைச்சுது? அதுக்கு முந்தியே இவுகளுக்குக் குடுத்துட்டேன்."

நான் அந்த நேரத்தில் கொஞ்சம் திகைத்துப் போனேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அலுவலகத்துக்குள் தபால் வந்த நாள்தான் கிடைத்த நாள். மேசைக்காரர் கண்ணைத் திறந்து பார்த்த நாள் அல்ல. தினமும் காலையில் தபால் பையை என் எதிரில்தான் பிரிப்பார்கள். ஆட்சியரின் உறையிலும், கண்மாய்க்கரைக்காரர் எவரோ பென்சிலில் எழுதிய அஞ்சலட்டையிலும் ஒரே தேதி முத்திரைதான் விழும். ஆட்சியருடையதை மேலே வைப்போம், உண்மைதான். உத்தியோகம் பார்த்தவன் பொய் சொல்லக் கூடாது. ஆனால் அடியில் இருப்பதையும் அன்று சாயங்காலத்துக்குள் யாராவது படித்தாக வேண்டும். சத்தம் யாருக்கு என்பது வேறு, வாசிப்பு யாருக்கு என்பது வேறு. நான் இவனுக்குச் சொன்னது முதலாவதை. இவன் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டு என் புண்ணியத்தில் நிம்மதியாக இருந்தான்.

எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அவன் சொன்னான்: "ஒண்ணு செய்யலாம் சித்தப்பா. ரெண்டாங்கட்டுல வச்சுக்கங்களேன். பின்னாடி அது சும்மாதான் கிடக்கு. இவுகளும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஷாட்டு போகும்போது மட்டும் ஐயரு கொஞ்சம் மெதுவாச் சொன்னாப் போதும்."

"டப்பிங்ல பாத்துக்கலாம் சார், அது பிரச்சனையில்ல" என்றார் தயாரிப்பு நிர்வாகி, எனக்கு உதவுகிறவர் போல.

அதற்கு மேல் அங்கே நின்றால் வாயில் என்ன வரும் என்று தெரியவில்லை. வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மூத்த பங்காளிகள் இருவரைத் தொலைபேசியில் பிடித்து விதியைச் சொன்னேன். ஒருவர், "அவன் முகத்துக்காக இந்த ஒருதரம் விட்டுக்குடுங்கப்பா" என்றார். எந்த ஒருதரம்? தலைத்திவசம் இரண்டாவது தரமும் வருமா? இன்னொருவர், கதாநாயகன் யார் என்று கேட்டார்.

மகன் வந்ததும் கொதித்தான். நேரே போய்த் தெர்மாகோலை உதைக்கிறேன் என்றான். மருமகள்தான், "திவசத்தன்னைக்குச் சண்டையா? ஆச்சிக்குப் பிடிக்குமா?" என்று நிறுத்தினாள். ஆச்சி என்றது என் மனைவியை. அவளுக்குப் பிடித்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். சொல்லவில்லை.

ஆக, என் சின்ன வீட்டுக் கூடத்தில் செய்தோம். சோபாவைத் தூக்கி மாடிப்படியில் சாய்த்து வைத்தோம். துணி துவைக்கும் இயந்திரத்தை நகர்த்த முடியாததால் அதன்மேல் ஒரு வேட்டியைப் போர்த்தினோம். ஐயர் இரண்டு முறை சுவரில் முழங்கையை இடித்துக்கொண்டார். பெரிய வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டு தெருக்கள்தான். அங்கிருந்து ஒலிபெருக்கியில் கெட்டிமேளம் வந்தது. வந்து சட்டென்று நின்றது. மறுபடி வந்தது. தாலி கட்டுகிற காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள் போலிருக்கிறது. நான் எள்ளும் தண்ணீரும் விடும்போது ஒருமுறை கட்டினார்கள். பிண்டத்தை எடுத்துக் காக்கைக்கு வைக்க மகன் மொட்டை மாடிக்குப் போனபோது இன்னொருமுறை கட்டினார்கள். ஐயர் குரலைத் தாழ்த்தவில்லை. அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான். தட்சிணை கொடுக்கும்போது அவரிடமே சொன்னேன். "பின்ன? மந்திரத்தை முணுமுணுக்கவா வந்தேன்?" என்றார்.

சாப்பிட உட்கார்ந்தபோது மருமகள் எனக்கு முதலில் பரிமாறினாள். சாம்பாரில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் மனைவி இருந்திருந்தால் முதல் வாயிலேயே சொல்லியிருப்பாள். மகன் மறுநாள் பெங்களூருக்குக் கிளம்பினான். பேருந்து நிலையத்தில், "அடுத்த வருசம் வளவுலயே செஞ்சுருவோம் அப்பச்சி" என்றான். அடுத்த வருடத்துக்கு வளவு தேவையில்லை என்பது அவனுக்கும் தெரியும். முதல் வருடம் ஒன்றுக்குத்தான் அது வேண்டியிருந்தது. அதை இனி எந்த விதியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

நிர்வாகியின் பதில் பிற்பாடு வந்தது. ஆடி மாதத்து முதல் மடலுக்கான பதில், முறைப்படி, எழுத்து மூலம். அன்புடையீர் என்று தொடங்கியிருந்தது. தாங்கள் கோரிய நாளில் வளவு ஏற்கனவே முன்பதிவு செய்யப்பட்டுள்ளது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வதாகவும், தங்கள் மனைவியாரின் திதிக்கு மாற்றுத் தேதி ஒன்றைத் தெரிவித்தால் ஏழாவது விதியின்படி முன்னுரிமை அளிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. அது வந்து சேர்ந்த நாள் ஐப்பசி நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை.